புகைக்கூட்டுக் கல்

பின்னேரம்தான் வந்து சேருவேன் என்று கனடாவிலிருந்து வந்திறங்கிய நகுலா அக்கா கொழும்பிலிருந்து சொன்னதை நம்பித்தான் தவசீலன் காலையிலேயே களி குழைக்கத் தொடங்கியிருந்தான். குளத்துக் களி, அரித்த மணல், நறுக்கின வைக்கோல், கொஞ்சம் மாட்டுச் சாணம். காலால் மிதித்து மிதித்துக் குழைக்கவேண்டும். தோசை மாப் பதம் கூடாது, கொழுக்கட்டை மாப் பதம். ஒரு உருண்டை பிடித்து எறிந்தால் எறிந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில் பாண் சுடுகிற செங்கல் அடுப்பு, போறணை, வெறுங்கல்லாய் நின்றது, முழங்காலில் நெற்றியைப் புதைத்துக் குந்தியிருக்கிற ஆளின் முதுகு மாதிரி. பேக்கரிகளில் இருக்கிற அறையளவுப் போறணை இல்லை. வீட்டுப் போறணை, விறகு போட்டு எரித்து, தணலை ஒதுக்கிவிட்டு, நாலைந்து பாண் வேகவைக்கக்கூடிய அளவு. உள்ளே இன்னும் ஈரமணல்தான் நிரம்பிக் கிடந்தது. மணலைக் கும்பியாய்க் குவித்து, நனைத்த பேப்பரை அதன்மேல் ஒட்டி, பேப்பருக்கு மேலே கல்லை வளைத்து வளைத்து அடுக்கி, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கி, கல்லெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகுதான் வாய்வழியாக மணலை வாரியெடுப்பது. அப்போதுதான் தெரியும், நிற்குமா விழுமா என்று. விழுமா. அந்தச் சொல்லில் கால் தரித்தது. விரல்களுக்கிடையால் களி பிதுங்கி ஏறியது. விழுவதென்றால் ஒரு பொருள் தன்பாட்டில் விழுவது. மழைக்கு, காற்றுக்கு, வயசுக்கு. ஒருவரும் கை வைக்காமல். “அக்கா, உங்கட குசினிப் புகைக்கூடு மழைக்கு விழுந்திட்டுது” என்று கனடாவுக்குப் போனில் சொன்ன அன்று வெளியே உண்மையாகவே மழை பெய்துகொண்டிருந்தது. தனக்குச் சாட்சி சொல்லத்தான் வந்ததோ என்று நினைக்கும்படி, ஓட்டில் அடித்து அடித்துப் பெய்தது. அந்தப் புகைக்கூட்டுக் கல்லுதான் இப்போது இந்தப் போறணையின் முதுகு முழுக்க. பின்னேரத்துக்குள் முதுகை மூடிவிட்டால் போதும். களி பூசிவிட்டால் எல்லாக் கல்லும் ஒரு கல்லுத்தான்.

“முந்தநாள் கட்டி முடிச்சதுக்கு இண்டைக்குப் பூச்சோ?” மனைவி சுபா துவைத்த உடுப்பைக் கொடியில் விரித்துக்கொண்டு கேட்டாள். “நல்லாக் காயவிட்டுப் பூசவேணும் எண்டு எனக்கு வீடியோ காட்டினது ஆர், பக்கத்து வீட்டுக்காரரோ?”

“மழை வரும்போல கிடக்கு.”

சுபா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு முகில் இல்லை. “எங்க, கனடாவிலயோ?”

அவன் குனிந்து களியை அள்ளினான். கனடா என்று அவள் சும்மாதான் சொன்னாள். சுபாவுக்குத் தெரியாது. அவள் பிள்ளைகளோடு பருத்தித்துறையில் தாய்வீட்டுக்குப் போயிருந்த கிழமையில்தான் எல்லாம் நடந்தது. திரும்பி வந்தவளுக்கும் விழுந்துவிட்டது என்றுதான் சொன்னான், சொல்லிவிட்டுத்தான் கல்லை இந்தப் பக்கம் அள்ளி வந்தான். ஒருத்திக்குச் சொன்னதை மற்றவளுக்கு மாற்றிச் சொல்ல முடியுமா. பொய்யை இரண்டு அளவில் தைத்தால் எது யாருக்கு என்று பிறகு ஞாபகம் வைத்திருக்கவேண்டும். ஒரே அளவுதான் நல்லது. முதல் உருண்டையை வேலிப்பக்கத்துக் கல்லில் அறைந்து உள்ளங்கையால் மேலே இழுத்தான். குளிர்ந்தது. எதிலிருந்து தொடங்கியது என்று யோசித்தால் காஸ் இல்லாத அந்தக் காலத்திலிருந்து என்று தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். சிலிண்டருக்கு விடியப்புறமே போய் வரிசையில் நின்று வெறுங்கையோடு வந்ததும், பேக்கரி வாசலில் பாணுக்குச் சனம் முண்டியடித்ததும், முற்றத்தில் கல் வைத்துச் சமைத்ததும் எல்லாருக்கும் நடந்ததுதான். அப்போதுதான் போறணை என்ற எண்ணம் தலைக்குள் புகுந்தது. சரி. ஆனால் பிறகு காஸ் வந்துவிட்டது. பாணும் வந்துவிட்டது. எண்ணம் மட்டும் போகவில்லை. தேவைக்குத் தொடங்கி ஆசையில் முடிந்த காரியம். பசிக்கு எடுத்தேன் என்று சொல்ல ஒரு மனுசனுக்கு வாய் இருக்கும். ஆசைக்கு எடுத்தேன் என்பதற்கு என்ன வாய். இங்கே எல்லா வீடும் சீமெந்துக் கல்லு. சீமெந்துக் கல்லு நெருப்புக்கு நிற்காது, வெடிக்கும். சுட்ட செங்கல் வேண்டும், அதிலும் பழைய கல், ஏற்கெனவே நெருப்பைக் கண்ட கல் என்றால் இன்னும் திறம் என்று வீடியோவில் தாடிக்காரன் ஒருவன் சொன்னான். நெருப்பைக் கண்ட கல். அதைக் கேட்டவுடனேயே கண் வேலிக்கு அந்தப்பக்கம் போனதே, அதுதான். கல்லை நெம்பின அலவாங்கு பிறகு வந்தது. கண்தான் முதலில் போனது.

அடுத்த வளவு நகுலா அக்கா ஆட்களுடையது. எல்லாரும் கனடாவுக்கும் ஜெர்மனிக்குமாய்ப் போய்ச் சேர்ந்து, தாய் பொன்னம்மா மாமியும் கடைசியில் போய், வீட்டுப் பூட்டின் திறப்பு ஒன்று இவன் கையில் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் போய் யன்னல்களைத் திறந்து, கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கவேண்டும். வைத்தான். ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. கல்லைக் கழற்றிய கிழமையிலும் விளக்கு வைத்தான், கையைக் கழுவிவிட்டு. குசினிக்குள் புகைக்கூடு அந்தக்காலத்துச் செங்கல், வன்னியிலிருந்து வண்டிலில் வந்ததாம், சுண்ணாம்புச் சாந்து. அடுப்புக்கு மேலே யானை கால் மடக்கி நிற்பதுபோல் நிற்கும். அதற்குக் கீழே, பிறகு காலமாகிவிட்ட மாமி அந்த நாளில் வெங்காயப் பிடிகளைக் கட்டித் தொங்கவிடுவார். ஒரு தென்னோலை விழுந்து கூரையோரம் உடைந்து, புகைக்கூட்டின் ஒரு மூலை வெடித்து, இரண்டொரு கல் தரையில் கிடந்தது. அது உண்மை. அந்தக் கற்களைத்தான் முதலில் எடுத்தான். விழுந்த கல்தானே. பிறகு விழுந்த கல் இருந்த இடத்துக்குப் பக்கத்துக் கல்லைக் கையால் அசைத்துப் பார்த்தான், அசைந்தது. அசைகிற கல் நாளைக்கு விழப்போகிற கல்தானே. அதற்கடுத்தது அசையவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் பிடிமானம் போய்விட்ட கல் எத்தனை நாளைக்கு நிற்கும். பிறகு வீட்டுக்குப் போய் அலவாங்கு எடுத்து வந்தான். அந்த நடை. வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் குனிந்து போய், அலவாங்கோடு குனிந்து வந்த நடை. திருடுகிறவன் மாதிரி ஒளித்து நடக்கவில்லை. வேலைக்குப் போகிறவன் மாதிரி நேரேதான் நடந்தான்.  பயம் இருந்திருந்தால் அங்கேயே திரும்பியிருப்பான். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காய் உதிர, கல் ஒவ்வொன்றும் முழுசாய், ஒரு மூலை சிதறாமல், பழுத்த பழம் காம்பிலிருந்து கழருவதுபோல் கைக்கு வந்தது. எவ்வளவு சந்தோசமாக இருந்தான். பாட்டுக்கூட முணுமுணுத்திருப்பான். இருட்டுப்படும் நேரம் நிமிர்ந்து பார்த்தால் மேலே வானம் தெரிந்தது. புகைக்கூடு இருந்த இடத்தில் வானம்.

வேலிப்பக்கம் முழுதும் பூசியாயிற்று. உச்சிக்கு ஏறினான். களி போன இடமெல்லாம் மனசும் கொஞ்சம் மூடிக்கொண்டு வந்தது. புகை குடித்த கறுப்பு முகமெல்லாம் உட்பக்கம் பார்க்க, சிவந்த முகம் வெளியே வர அடுக்கியிருந்தான். உள்ளே எப்படியும் கரிபடியும், கறுப்போடு கறுப்பு. அதையும் யோசித்தே செய்தாய், தவசீலா. தூக்கம் வராமல் படுத்தும் யோசித்தாய். மேசனுக்குக்கூட இந்தப் புத்தி வராது.  போனில் சொல்லிவிட்டு, அக்கா வாய் திறக்கமுன்னம் எத்தனை பதில்களைத் தயார் செய்தான். அத்திவாரம் இளகிப்போச்சு அக்கா. கறையான் அக்கா. கடைசியில் அவர் கேட்டது, “ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லைத்தானே தம்பி? நீ உள்ளுக்க நிக்கேல்லைத்தானே?”  ஏசியிருக்கலாம். ஒரு சொல் ஏசியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருக்கலாம். உங்களுக்கென்ன, அங்க இருந்துகொண்டு, இஞ்ச ஆர் பாக்கிறது உந்த வீட்டை என்று கேட்டிருக்கலாம். ஒன்றுக்கும் வழிவிடாமல் நீ உள்ளுக்க நிக்கேல்லைத்தானே என்று கேட்டுவிட்டார். நின்றேன் அக்கா. உள்ளேதான் நின்றேன்.

அப்போது அடுத்த வளவுக்கு முன்னால் வான் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு இழுபடும் சத்தம். பெட்டி இறங்கும் சத்தம். ஆரோ சாரதியிடம் “மெல்ல, மெல்ல, அதுக்குள்ள போத்தில் கிடக்கு” என்று சொல்ல, அந்தக் குரலைத் தவசீலன் களி அப்பிய இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்று கேட்டான். மத்தியானம்கூட ஆகவில்லை. கிணற்றடிப் பக்கத்துக் கல்லெல்லாம் வெறுமனே கிடந்தது. அள்ளினான், அறைந்தான், இழுத்தான். கை ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும். திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்புகிற சத்தம். முன்கதவு. சாமியறை, அங்கே நிற்பார், கும்பிடுவார். பிறகு நடுக்கதவு. பிறகு குசினிக் கதவு, நிலத்தில் உரசி முனகுகிற கதவு, அதுவும் திறந்தது. அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குக் கல்லுக் கல்லாய்த் தெரிந்தது. அண்ணாந்து பார்க்கிறார். மேலே அவன் அடித்த தகரத்தைப் பார்க்கிறார். சுவரில் கல் கழன்ற பல்லிடுக்குகளைப் பார்க்கிறார். விழுந்த சுவரின் பல் உடைந்திருக்கும். கழற்றிய சுவரின் பல் உடையாது. அதைப் பார்த்தால் போதுமே, ஒரு பிள்ளைக்குக்கூட விளங்குமே. அலவாங்கு போட்ட காயத்தைச் சாந்து பூசி மறைத்திருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. கல்லை மறைக்க வந்த புத்தி சுவரை மறைக்க வரவில்லை. ஏன் இவ்வளவு நேரம். அழுகிறாரா. ஆருக்காவது போன் எடுக்கிறாரா. வந்து கேட்கப்போகிறார். கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடலாம். கேட்டால் சொல்லுவதுதான் சுகம்.

வேலிப் பொட்டுக்குள்ளால் முதலில் ஒரு வெள்ளைச் சப்பாத்து வந்தது, பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தார். “உந்தப் பொட்டு சின்னனாப் போச்சோ, நான் பெருத்துப் போனனோ தெரியேல்லை,” என்றார். கண் சிவந்துதான் இருந்தது. சுபா ஓடிவந்து கையைப் பிடித்து, கதிரை போட்டு, தேத்தண்ணி எண்டு உள்ளே ஓட, அக்கா கதிரையில் இருக்கவில்லை. போறணையைச் சுற்றி வந்தார். “உதுதானோ உன்ர போறணை? வட்சப்பில சுபா போட்ட படத்தைக் கண்டிட்டு, உவன் தவசீலனுக்குக் கோயில் கட்டப் பைத்தியம் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சன்.”

“வாங்கோ அக்கா. பின்னேரம் எண்டு சொன்னனீங்கள்.”

“இருப்புக் கொள்ளேல்லைத் தம்பி. விடியமுதலே வெளிக்கிட்டிட்டன்.” வளையல்களைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். கையை மடித்துக்கொண்டு களிக்கும்பியருகே குனிந்தார். “தள்ளு. அங்க பாண் எண்டு விக்கிறது பஞ்சு, கையில எடுத்தா அமுங்கிக் காணாமப் போயிடும். நான் பூசின போறணையில நான் ஒரு பாண் திண்டிட்டுத்தான் போவன்.”

வேண்டாம் அக்கா, உடுப்பு ஊத்தையாகும் என்று அவன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. உருண்டை பிடித்து அறைந்தார். நல்ல கை. சாணி தட்டிப் பழகிய கை கனடாவிலும் மறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே கல்வரிசையில், அவர் அந்தப் பக்கத்திலிருந்தும் அவன் இந்தப் பக்கத்திலிருந்தும் பூசிக்கொண்டு வந்தார்கள். அவன் மறைக்கிற கல்லை அவர் மறைத்தார். தன் தாயின் கல்லைத் தன் கையாலேயே மூடிக்கொண்டிருந்தார். தெரியாமல். இதைவிட அவர் வந்து முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். குசினியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை, தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறாரா, சோதிக்கிறாரா என்று அவன் உருண்டைகளுக்கு நடுவே அவர் முகத்தைக் கள்ளமாய்ப் பார்த்தான். நெற்றியில் களி. வேறொன்றும் இல்லை. அப்போது அவருடைய கை ஒரு கல்லில் நின்றது. வளைவில் பொருந்தாமல் அவன் திருப்பி வைத்த கல், அதன் ஓரத்தில் கறுப்பு வெளியே தெரிந்தது. அக்கா பெருவிரலால் அந்தக் கறுப்பைத் தேய்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“இது நல்லாப் புகை குடிச்ச கல்லெல்லோ. எங்கையடா எடுத்தனி?”

சொல்லு. வாய் திறந்தும் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்த சுபாதான் பதில் சொன்னாள். “உங்கட புகைக்கூடு விழுந்த கல்லுத்தான் அக்கா. உங்களிட்டக் கேக்காம எடுக்கவேண்டாம் எண்டு நான் சொன்னனான். விழுந்து கிடந்து பாசி பிடிக்கப்போற கல்லுத்தானே எண்டு இவர்தான் அள்ளிக்கொண்டு வந்தவர். கோவிக்காதேங்கோ.”

அக்கா நிமிர்ந்தார். தவசீலன் நிலத்தைப் பார்த்தான். நிலத்தில் ஒரு கட்டெறும்பு வைக்கோல் துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. இப்போது வரும். இப்போது. வரட்டும்.

“அம்மான்ர கல்லே?” என்றார் அக்கா. குரல் உடைந்துபோய், ஆனால் அது கோபம் இல்லை. “நான் அங்க குசினிக்க நிண்டு அதைத்தான் தேடினனான் தம்பி. விழுந்த கல்லில ஒண்டுகூடக் கிடக்கேல்லையே, ஆரோ கொண்டுபோட்டாங்களே எண்டு. பாத்தா நீ இஞ்ச…” களிக்கையை அப்படியே போறணையின் முதுகில் வைத்து நின்றார். “நல்ல வேலை செய்தாய். எடுத்து அடுப்பாக்கினியே. அடுப்பில இருந்தது அடுப்புக்கே வந்திட்டுது. அம்மா இருந்திருந்தா உனக்கு ஒரு சுண்டு நிறையப் பயறு அவிச்சுத் தந்திருப்பா.”

பயந்துகொண்டிருந்த இடம் இது இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கல்லை மறைக்கவேண்டும் என்றே இவ்வளவு நாளும் ஓடினான். கல் வெளியே வந்துவிட்டது. வந்து, அவனை நல்லவனாக்கிவிட்டது. ஒளித்து வைத்த திருட்டைக் கண்டுபிடித்தவர் அதற்கு நன்றி சொல்லுகிறார். இனி எங்கே போய் எதைச் சொல்லுவது. இந்த முகத்தைப் பார்த்து, இந்த ஈரக்கண்ணைப் பார்த்து, அக்கா, கல் விழவில்லை, நான் இடித்தேன் என்றால், அவரிடமிருந்து புகைக்கூட்டை மட்டுமா இரண்டாந்தரம் பிடுங்குவதாகும், இந்தச் சந்தோசத்தையும் அல்லவா. பார், இப்போதும் அவருக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறாயாம். எவ்வளவு நல்ல மனசு. அசைகிற கல்லில் தொடங்கியவனுக்கு இதுவும் வருமே.

“எப்பிடி விழுந்தது தம்பி?” அக்கா கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் கையில் வாங்கியிருந்தார். “போனில உன்னட்ட வடிவாக் கேக்கேல்லை. கேக்க மனம் வரேல்லை. சொல்லு, நீ சத்தம் கேட்டனியே?”

“கேட்டது அக்கா,” என்றான்.

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு பெண்களும் கோப்பையை வாயில் வைக்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்கிற முகத்தைக் கண்டால் சொல்லுகிற வாய் தன்பாட்டில் ஊறும். பின்னேரமிருந்து மழை அக்கா என்றான். காற்று வடக்கிலிருந்து. வேலி அந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது என்றான். முதலில் ஒரு முனகல் மாதிரி, பசுமாடு கன்று போடமுன்னம் முனகுமே அதுமாதிரி, பிறகு பொலபொலவென்று சுண்ணாம்பு உதிருகிற சத்தம், பிறகு ஒரேயடியாய். டோர்ச் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால் குசினி முழுக்கச் சிவப்புத் தூள், மழை தூளைக் கரைத்து வாசல்படியால் சிவப்பாய் ஓடினது என்றான். அக்கா சேலைத்தலைப்பு இல்லாத கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். சுபா “எனக்குக்கூட இவ்வளவு சொல்லேல்லை” என்றாள். அடுப்புக்கு மேல மட்டும் ஒரு கல்லும் விழேல்லை அக்கா, அடுப்பைச் சுத்தித்தான் விழுந்தது என்றான் கடைசியில், ஏன் சொன்னான் என்று தெரியாமல். அக்கா விம்மினார். அந்த விம்மலைக் கேட்டபோது அவனுக்குள்ளே, அடியில் எங்கேயோ, ஒரு துண்டு பெருமை. நன்றாகச் சொன்னாய் என்று. அதைத் தன்னிலேயே கண்டுபிடித்ததும் வாய் முழுக்கச் சுண்ணாம்புத் தூளைக் கவ்வியது போலக் காய்ந்தது. இதுவரை ஒரு வரிப் பொய்தான் இருந்தது. இப்போது மழை இருக்கிறது, காற்று இருக்கிறது, பசுமாடு இருக்கிறது. இனி அக்கா இதைக் கனடாவில் சொல்லுவார், ஜெர்மனியில் இருக்கிற தம்பிக்குச் சொல்லுவார், அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுவார்கள். அந்த வீட்டில் ஒருநாளும் நடக்காத ஒன்று, நடந்த எல்லாவற்றையும்விட வடிவாக நடந்து முடிந்துவிட்டது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்து மறுபடி களி அள்ளினார். கொஞ்சம் கொஞ்சமாய் முதுகு மூடிவந்தது. கடைசியில் அந்தக் கறுப்பு ஓரக் கல் மட்டும் மிஞ்சியது. தவசீலன் ஒரு உருண்டையை எடுத்துக் கையை ஓங்கினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இந்த ஒண்டை விடு தம்பி. பூசாத.”

“வெறுங்கல்லா விட்டாச் சூடு அதாலதான் போகும் அக்கா. வெடிப்பும் அதிலதான் தொடங்கும்.”

“தொடங்கினாத் தொடங்கட்டும். நீ பாண் போடுற நாளில ஒருக்கா அதில கையை வைச்சுப் பார். சூடு வந்திட்டுதோ எண்டு. நான் போன் எடுத்துக் கேப்பன், சொல்லு. எனக்கு அது காணும்.”

முடியாது என்று சொல்ல ஒரு கட்டுமான நியாயம் அவனிடம் இருந்தது, நல்ல நியாயம், வீடியோவிலேயே இருக்கிறது. “ஓம் அக்கா,” என்றான். குந்தியிருந்து அந்தக் கல்லின் நான்கு ஓரத்திலும் களியை விரலால் ஒதுக்கி அமர்த்தினான். ஞாயிற்றுக்கிழமை, பாண் போடும் நாள். போன் அடிக்கும். கையை வைத்துப் பார்த்துச் சொல்லவேண்டும். அடுத்த ஞாயிறும். ஒதுக்கும்போது பெருவிரல் கல்லில் பட்டது, சுட்டது. காலையிலிருந்து வெயில் அதில்தான் நேரே விழுந்துகொண்டிருந்திருக்கிறது. விரலை எடுத்துக்கொண்டான்.

“என்ன, சுடுகுதே?” என்றார் அக்கா சிரித்துக்கொண்டு.

“இல்லையக்கா,” என்றான், அவர் கேட்டு முடிக்கமுன்னமே. “குளிர்ந்துபோய்க் கிடக்கு.”